பெட்டியை நஷ்டத்தில் விற்றுவிட்டு எங்கே சம்பாதிக்கிறார்கள்?

மாடிவீட்டு மணி

வீட்டு இணையத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். கேமை முழு விலை கொடுத்து வாங்கினேன். டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிக்கு, அதாவது கன்சோலுக்கு, இஎம்ஐ இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன வாரம் கன்சோல் கம்பெனிக்குக் கட்டும் ஆன்லைன் சந்தா தீர்ந்துவிட்டது. கோவையில் இருக்கும் தம்பியோடு கால்பந்து ஆடலாம் என்று உட்கார்ந்தால், உறுப்பினர் ஆனால்தான் ஆன்லைன் என்று திரை சொல்கிறது. எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை. எழுதினால் அடுத்த நாற்பது பதிவும் என் கன்சோல், உன் கன்சோல் சண்டையாகிவிடும்.

இதே கேமைக் கணினியில் ஆடும் அலுவலக நண்பருக்கு இப்படித் தனிக் கட்டணமே கிடையாது. அப்படியானால் இந்தச் சந்தாப் பணம் எதற்குப் போகிறது? இன்னொன்று, பெட்டியையே நஷ்டத்தில்தான் விற்கிறார்கள் என்கிறார்களே, பிறகு லாபம் எங்கிருந்து வருகிறது?

சும்மா வந்தவன்

உங்கள் பாக்கெட்டிலிருந்து. அடுத்த கேள்வி?

கணக்குப்பிள்ளை கமலா

ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பெட்டியில் நஷ்டம் என்பது கட்டுக்கதை இல்லை. 2006ல் சோனியின் பிஎஸ்3 (பிளேஸ்டேஷன் 3) அமெரிக்காவில் வந்தபோது 60 ஜிபி மாடலின் விலை 599 டாலர். ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பாகம் பாகமாகப் பிரித்துப் பார்த்து, செய்வதற்கே சுமார் 840 டாலர் ஆகிறது என்று கணக்குக் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் இன்னும் வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டது. ஃபோர்ட்நைட் கேமைச் செய்த எபிக் கேம்ஸ், ஆப்பிள் மீது போட்ட வழக்கில் 2021ல் மைக்ரோசாஃப்ட்டின் கன்சோலான எக்ஸ்பாக்ஸின் அதிகாரி லோரி ரைட் சாட்சிக் கூண்டில் நின்று, கன்சோல் விற்பனையில் தாங்கள் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்றார். அடுத்த ஆண்டு, அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர், ஒரு பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை தங்கள் கையிலிருந்து போகிறது என்று சொன்னார். சோனி மட்டும் பிஎஸ்5 டிஸ்க் மாடலில் 2021 நடுவிலேயே நஷ்டத்தைத் தாண்டிவிட்டதாக அறிவித்தது.

சரி, லாபம்? அந்தப் பெட்டியில் விற்கும் எல்லாவற்றிலும் கன்சோல்காரர் பங்கு எடுக்கிறார். டிஸ்க் காலத்தில் 60 டாலர் கேம் ஒன்றில் கன்சோல்காரருக்கு ராயல்டி 7 டாலர், கடைக்காரருக்கு 15 டாலர் என்பது பரவலாகச் சொல்லப்பட்ட கணக்கு. இன்று 70 டாலர் கேமை அவர்கள் ஸ்டோரிலேயே வாங்கினால் 30 சதவீதம், அதாவது 21 டாலர், அவர்களுக்கு. கடைக்காரரின் பங்கும் அவர்களிடமே போய்விட்டது. ஆடி முடித்த டிஸ்க்கை நண்பரிடம் பாதி விலைக்குத் தள்ளிவிடும் வழியும் அடைபட்டது. சோனியில் விற்கும் முழு கேம்களில் இப்போது நான்கில் மூன்று பங்கு டிஜிட்டல்.

இதைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது. சோனி வெளியிடும் கணக்கைப் பார்த்தால், டிஜிட்டலாக விற்ற முழு கேம்களின் வரவைவிட, கேமுக்குள் காசு கொடுத்து வாங்கும் ஸ்கின் (பாத்திரத்துக்கான உடை, தோற்றம்), பேட்டில் பாஸ் (ஆட ஆடப் பரிசு திறக்கும் சீட்டு), வீரர் பேக் வகையறாவின் வரவு அதிகம். நம்மூர் தியேட்டரில் டிக்கெட்டுக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. முதலாளி கேன்டீனில் எடுத்துவிடுகிறார். அதே கதைதான்.

சும்மா வந்தவன்

கேன்டீனுக்குப் போகாமல் படம் பார்த்துவிட்டு வரலாமே அக்கா. இங்கே இடைவேளைக்குப் பிறகு உள்ளே உட்காரவே தனிக் காசு கேட்கிறார்கள்.

பழைய கேசட்

கமலா சொன்ன 30 சதவீதம் நேற்று முளைத்ததில்லை. அதன் வேர் நிண்டெண்டோவில் இருக்கிறது.

1983ல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபாமிகாம் கன்சோல் வந்தபோது அதற்கு நிண்டெண்டோ மட்டும்தான் கேம் செய்தது. ஹட்சன், நாம்கோ என்ற கேம் கம்பெனிகள் நாங்களும் செய்கிறோம் என்று வந்தபோது, உரிமத்துக்கு 10 சதவீதம், கேசட் செய்து கொடுக்க 20 சதவீதம் என்று பேச்சு முடிந்ததாகச் சொல்வார்கள். இன்று கேசட்டும் இல்லை, செய்து கொடுக்கும் தொழிற்சாலையும் இல்லை, 30 மட்டும் அப்படியே இருக்கிறது.

1985ல் அமெரிக்காவுக்குப் போகும்போது நிண்டெண்டோ பெட்டிக்குள் ஒரு பூட்டுச் சில்லு வைத்தது. கேசட்டிலும் அதற்கு ஜோடியான சில்லு இருந்தால்தான் கேம் ஓடும். ஜோடிச் சில்லு நிண்டெண்டோவிடம் மட்டும்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள். ஒரு கம்பெனி ஆண்டுக்கு ஐந்து கேமுக்கு மேல் வெளியிடக் கூடாது. இங்கே வந்த கேம் இரண்டு வருடத்துக்கு வேறு கன்சோல் பக்கம் போகக் கூடாது. கேசட்டை நிண்டெண்டோவிடமே பணம் கட்டிச் செய்து வாங்க வேண்டும். விற்காமல் தேங்கினால் நஷ்டம் கேம் கம்பெனியின் தலையில். எக்ஸ்க்ளூசிவ், அதாவது ஒரே கன்சோலில் மட்டும் வரும் கேம், என்பதை அன்று காசு கொடுத்து வாங்கவில்லை, ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

அடாரி கேம்ஸ், டெங்கன் என்ற பெயரில் இந்தப் பூட்டுக்குக் கள்ளச்சாவி போட்டது. எப்படி என்பதுதான் வேடிக்கை. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பொய்க் காரணம் சொல்லி அந்தச் சில்லின் நிரலை நகல் எடுத்திருந்தார்கள். நீதிமன்றத்தில் அது வெளிப்பட்டு மாட்டிக்கொண்டார்கள்.

பிறகு சோனி சிடியோடு வந்தது. சிடி அச்சடிக்கச் செலவு சொற்பம், இடமும் ஏராளம். அதுவரை நிண்டெண்டோவிலேயே இருந்த ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் ஏழாவது கேம் 1997ல் பிளேஸ்டேஷனில் வந்தது. ஜப்பானில் அந்த வரிசைக்காகவே கன்சோல் வாங்குகிற கூட்டம் ஒன்று இருந்தது. அதுவும் பின்னாலேயே போனது.

நள்ளிரவு ஸ்னைப்பர்

சந்தா என்றாலே கொள்ளை என்று எழுதுகிறவர்கள் அதற்கு முன்னால் இருந்த நிலைமையை மறந்துவிடுகிறார்கள். பிஎஸ்2க்கு 2002ல் 40 டாலருக்கு நெட்வொர்க் அடாப்டர் விற்றார்கள். அதை மாட்டிய பிறகு ஒவ்வொரு கேம் கம்பெனிக்கும் தனித்தனி சர்வர், தனித்தனி கணக்கு. நண்பன் ஆன்லைனில் இருக்கிறானா என்று தெரிந்துகொள்ள அவனுக்குப் போன் போட வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் ஆன்லைன் சேவையான எக்ஸ்பாக்ஸ் லைவ் வந்தது. 50 டாலருக்கு ஒரு ஹெட்செட், ஒரு வருடச் சந்தா. எல்லா கேமுக்கும் ஒரே பெயர், ஒரே நண்பர் பட்டியல், எல்லாவற்றிலும் குரல். டயல்-அப் கிடையாது, பிராட்பேண்ட் இருந்தால் வா என்று கறாராகச் சொன்னார்கள். அப்போது எல்லோரும் சிரித்தார்கள். 2004ல் மைக்ரோசாஃப்ட்டின் துப்பாக்கிச் சண்டை கேமான ஹேலோ 2 முதல் நாளிலேயே 12.5 கோடி டாலருக்கு விற்றது. அந்த கேமை ஆன்லைனில் ஆடத்தான் பாதிப் பேர் சந்தாவே கட்டினார்கள். நல்ல பொருளுக்குக் காசு கேட்டார்கள், கொடுத்தோம். இதில் கொள்ளை எங்கே வந்தது?

பழைய கேசட்

தம்பி, அந்த ஒரே பட்டியலுக்காகத்தான் இஏ என்ற பெரிய கேம் கம்பெனி முதலில் எக்ஸ்பாக்ஸ் லைவ் பக்கமே வரவில்லை. ஆட்டக்காரர்களின் கணக்கு மைக்ரோசாஃப்ட் கையில் போய்விடும் என்று 2004 வரை ஒதுங்கி நின்றது. கேம் செய்கிறவர்களுக்கு அன்றைக்கே விஷயம் புரிந்திருந்தது.

ஸ்கார்பரோ சிவா

பழைய கேசட் அண்ணை சொன்னதுதான் முக்கியமான இடம். என் அனுபவத்தையும் எழுதுகிறேன்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் எங்கள் வகுப்புப் பெடியள் பெரும்பாலும் எக்ஸ்பாக்ஸ் 360 வைத்திருந்தார்கள். பிஎஸ்3இல் ஆன்லைன் இலவசம் என்று எல்லோருக்கும் தெரியும். கடைக்குப் போன அன்றும் அப்பா அதைத்தான் சொன்னார், சும்மா கிடைப்பதை விட்டு ஏன் காசு கட்டுகிற பெட்டி என்று. ஆனாலும் 360தான் வாங்கினேன். ஆட்கள் அங்கேதான் இருந்தார்கள். இரவு ஹெட்செட்டைப் போட்டால் பாதி நேரம் விளையாட்டு, பாதி நேரம் கதைப்பது. யாருக்கு எந்த வாத்தியார் என்ன சொன்னார், யார் யாரோடு கோபம், எல்லாம் அங்கேதான்.

அந்த நண்பர் பட்டியலை வேறு பெட்டிக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வாங்கிய கேம்களும் அப்படித்தான். ஒவ்வொரு வருடமும் சந்தாவைப் புதுப்பிக்கும்போது நான் இணைய வசதிக்குக் காசு கொடுக்கவில்லை, எங்கள் பெடியளோடு இருப்பதற்குக் கொடுத்தேன்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பிஎஸ்4 வந்தபோது எங்களில் ஒருவன் மாறினான். பிறகு அவனோடு தினமும் ஆடுகிற இரண்டு பேர். அந்தக் கிறிஸ்மஸுக்குள் முழுக் கூட்டமும் மாறிவிட்டது, நானும்தான். ஒருவரையும் போக விடாத அதே கயிறு, போகிறபோது எல்லோரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது.

சந்தா சர்வர் செலவுக்குத்தான் என்று ஸ்னைப்பர் சொல்லவில்லை, ஆனால் பலர் சொல்வார்கள். அதற்காக ஒரு கதை. பழைய எக்ஸ்பாக்ஸுக்கான லைவ் சேவையை மைக்ரோசாஃப்ட் 2010 ஏப்ரல் 15 அன்று மூடியது. ஹேலோ 2 ஆடிக்கொண்டிருந்த சிலர் பெட்டியை அணைக்கவே இல்லை. அணைக்காதவரை அவர்களுக்கு ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்தது! இணைப்பு அறுந்து ஒவ்வொருவராக விழுந்து, கடைசி ஆள் வெளியே வர ஏறத்தாழ ஒரு மாதம் ஆனது. எப்படி என்றால், ஆட்டம் நடந்தது மைக்ரோசாஃப்ட்டின் சர்வரில் இல்லை. ஆடுகிறவர்களில் ஒருவரின் பெட்டியிலேயே, அவர் வீட்டு இணையத்திலேயே நடந்தது. கம்பெனி செய்தது ஆட்களைச் சேர்த்துவிடுகிற வேலை.

மாடிவீட்டு மணி

இது எனக்குப் புதிய செய்தி. அப்படியானால் நான் கட்டுகிற சந்தாவில் சர்வருக்கு ஒன்றுமே போவதில்லையா?

இரவல் கோடர்

சென்னையில் சிறிய குழுவாக கேம் செய்கிறோம். எந்தத் தளத்துக்கு என்று சொல்ல மாட்டேன், ஒப்பந்தத்தில் வாய்ப்பூட்டு இருக்கிறது.

மணி, சந்தாவுக்கும் ஆட்டம் ஓடும் சர்வருக்கும் நேரடித் தொடர்பு பெரும்பாலும் இல்லை. இன்றைய பெரிய ஆன்லைன் கேம்களில் தனி சர்வர்கள் உண்டு. அவற்றின் வாடகையை வழக்கமாக கேம் கம்பெனிதான் கட்டுகிறது. கன்சோல்காரர் சொந்தமாக வெளியிடும் கேம்கள் வேறு கணக்கு. நியாயமாகவும் பேச வேண்டும்: கணக்குப் பாதுகாப்பு, நண்பர் பட்டியல், நண்பர்களோடு குரலில் பேசும் பார்ட்டி சாட், ஆட்டம் நின்ற இடத்தை இணையத்தில் சேமிக்கும் கிளவுட் சேவ், புகார்களைப் பார்க்கும் ஆட்கள், 100 ஜிபி அப்டேட்டை உலகம் முழுக்க ஒரே இரவில் இறக்கிக் கொடுப்பது, இதற்கெல்லாம் செலவு உண்டு. ஆனால் அப்டேட்டும் ஸ்டோரும் சந்தா கட்டாதவருக்கும் கிடைக்கின்றன. கணினி கேம்களுக்கான ஸ்டீம் என்ற இணையக் கடை இதே வேலைகளை அந்த 30 சதவீதத்துக்குள்ளேயே செய்கிறது, ஆடுகிறவரிடம் சந்தா கேட்பதில்லை.

எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று கேட்டால், கேம் வெளியாகும் முன் கன்சோல்காரர் வைக்கும் சர்டிஃபிகேஷன் என்று ஒரு சோதனை. கேம் நன்றாக இருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆடும்போது கன்ட்ரோலரில் சார்ஜ் தீர்ந்து துண்டித்தால் ஆட்டம் நின்று செய்தி காட்டுகிறதா? சேவ் ஆகும் நேரத்தில் கணக்கை மாற்றினால் என்ன ஆகிறது? இப்படி ஒரு நீளப் பட்டியல். ஒன்றில் தவறினால் திருத்தி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். இதற்கும் ஒரு காலத்தில் பெரிய தொகை வாங்கினார்கள். ஃபெஸ் என்ற சின்ன கேமை 2012ல் வெளியிட்டவர்கள், சில பேருக்கு சேவ் கெட்டுப்போகிற ஒரு பிழையைத் திருத்தாமலேயே விட்டார்கள். இன்னொரு அப்டேட்டுக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும் என்பதே அவர்கள் சொன்ன காரணம். அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்ட் அந்தக் கட்டணத்தை நீக்கிவிட்டது.

மணிக்கு ஒரு சில்லறை யோசனை: தம்பியோடு கால்பந்துதான் வேண்டுமென்றால் இலவசமாகக் கிடைக்கும் கால்பந்து கேமை இறக்குங்கள். இலவச கேம்களுக்கு இப்போது பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் சந்தா தேவையில்லை. எக்ஸ்பாக்ஸ் 2021 ஏப்ரல் வரை அதற்கும் வாங்கிக்கொண்டிருந்தது.

சும்மா வந்தவன்

அங்கே மெஸ்ஸி கார்டு வாங்க வைப்பார்கள். அதில் 30 சதவீதம் கன்சோல்காரருக்கு.

கணக்குப்பிள்ளை கமலா

சந்தா எப்படி எல்லோருக்கும் தொற்றியது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 ஜூன், லாஸ் ஏஞ்சலஸில் இ3 கேம் கண்காட்சி. அந்தச் சமயம், வரவிருந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலில் பழைய டிஸ்க் விற்பதற்குக் கட்டுப்பாடு, 24 மணி நேரத்துக்கு ஒரு முறை இணையச் சோதனை என்று மைக்ரோசாஃப்ட் ஊர் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது. சோனி மேடையேறி, எங்களிடம் அந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை, விலையும் 399 டாலர்தான் என்றது. எக்ஸ்பாக்ஸ் 499. அரங்கம் அதிர்ந்தது. அதே நிகழ்ச்சியிலேயே, பிஎஸ்4இல் ஆன்லைனில் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டார்கள். அதற்குக் கூச்சல் எழவில்லை. பிஎஸ்3இல் ஏழு வருடம் இலவசமாக இருந்தது கைதட்டலோடு போய்விட்டது.

2023 மார்ச்சில் பிளஸ் சந்தாதாரர்கள் 4.74 கோடி. ஒரு ஆளுக்கு ஆண்டுக்கு 40 டாலர் என்று குறைத்துப் போட்டாலே 190 கோடி டாலர் ஆகிறது. டிஸ்க் அச்சடிக்க வேண்டாம், லாரி வேண்டாம், கடை வாடகை வேண்டாம். அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் அடிப்படைச் சந்தாவை 60லிருந்து 80 டாலர் ஆக்கினார்கள்.

நிண்டெண்டோவும் 2018 செப்டம்பரில் ஆண்டுக்கு 20 டாலர் என்று ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஸ்ப்லாட்டூன் 2ஐ ஆன்லைனில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஒரு நாள் காலையிலிருந்து காசு கட்ட வேண்டியிருந்தது. கேமில் எந்த மாற்றமும் இல்லை.

நள்ளிரவு ஸ்னைப்பர்

சந்தா விஷயத்தை விடுகிறேன். எக்ஸ்க்ளூசிவ் கேம்களையும் இதே கூடையில் போடாதீர்கள். பேயொனெட்டா 2 என்ற கேம், நிண்டெண்டோ பணம் போடாவிட்டால் வந்தே இருக்காது, செய்தவர்களே சொன்னது. கன்சோல்காரருக்கு அந்த ஒரு கேமில் லாபம் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆட்களை உள்ளே கொண்டுவந்தால் போதும். அதனால்தான் ஸ்கின் கடை இல்லாத, கதையை மட்டும் நம்பிய, ஒருவர் தனியாக ஆடும் கேம்கள் இன்னும் வருகின்றன. மற்ற பப்ளிஷர்களிடம் அதைக் கேட்டுப் பாருங்கள்.

பழைய கேசட்

பாதி சரி. பணம் போட்டு உருவாக்குவது ஒன்று, உருவானதைக் காசு கொடுத்து மற்றவனுக்குப் போகாமல் தடுப்பது வேறு. ஜிடிஏ 4க்கு வந்த இரண்டு கூடுதல் கதைகளை எக்ஸ்பாக்ஸுக்கு மட்டும் கொடுக்க மைக்ரோசாஃப்ட் 5 கோடி டாலர் கொடுத்தது. 2009ல் வந்தவை 2010ல் பிஎஸ்3க்கும் வந்துவிட்டன. அந்தப் பணத்தில் புதிதாக என்ன பிறந்தது? பிஎஸ்3காரன் ஒரு வருடம் காத்திருந்தான், அவ்வளவுதான்.

இரவல் கோடர்

எக்ஸ்க்ளூசிவ் கணக்கு வெளியே வந்ததே ஒரு மார்க்கர் பேனாவால்தான். 2023 ஜூனில், கால் ஆஃப் டூட்டி என்ற போர் கேமைச் செய்யும் ஆக்டிவிஷனை மைக்ரோசாஃப்ட் வாங்குவதைத் தடுக்க அமெரிக்க வணிக ஆணையம் போட்ட வழக்கு நடந்தது. சோனி கொடுத்த ஆவணத்தில் ரகசியத் தொகைகளை யாரோ கறுப்பு மார்க்கரால் கையால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்து பொதுவில் போட்டபோது மையின் அடியில் எண்கள் தெரிந்தன. சோனியின் எக்ஸ்க்ளூசிவ் கேம்களான தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தை உருவாக்க 22 கோடி டாலர், ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்டுக்கு 21.2 கோடி. விளம்பரச் செலவு இதில் சேராது. கோடிக்கணக்கான டாலர் ரகசியம், ஒரு ஸ்டேஷனரி கடைப் பேனாவை நம்பி.

அதே ஆவணத்தில் இன்னொரு எண் இருந்தது. அது எனக்கு இவற்றைவிடப் பெரியதாகப் படுகிறது. 2021ல் பிளேஸ்டேஷனில் சுமார் 10 லட்சம் பேர் கால் ஆஃப் டூட்டியைத் தவிர வேறு எதையுமே ஆடவில்லை. அமெரிக்காவில் மட்டும் அந்த கேம் வழியாக வந்த வரவு 80 கோடி டாலர். அது எக்ஸ்க்ளூசிவ் கூட இல்லை, எக்ஸ்பாக்ஸிலும் கணினியிலும் கிடைப்பது. சோனி பயந்ததும் அதற்காகத்தான்: அந்தக் கூட்டம் நாளைக்கு எக்ஸ்பாக்ஸுக்குப் போனால் சந்தாவோடும் பர்ஸோடும் சேர்ந்து போகும். சிவா அண்ணன் எழுதிய கிறிஸ்மஸ் கதையின் பெரிய வடிவம். கடைசியில் கால் ஆஃப் டூட்டி பிளேஸ்டேஷனில் தொடர 10 ஆண்டு ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலருக்கு ஆக்டிவிஷனை வாங்கி முடித்தது.

மாடிவீட்டு மணி

22 கோடி டாலரைத் திருப்பி எடுக்க எவ்வளவு விற்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை கமலா

சொந்த கேம் என்பதால் ராயல்டி வெளியே போகாது. தள்ளுபடி, கடைப் பங்கு, வரி எல்லாம் போய் ஒரு பிரதிக்குச் சராசரி 40 டாலர் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால் 55 லட்சம் பிரதி. இது என் உத்தேசக் கணக்கு, விளம்பரம் சேர்க்காமல். அந்த கேம் இரண்டே வருடத்தில் ஒரு கோடியைத் தாண்டியது, அதனால் பிழைத்தது. எல்லா கேமுக்கும் அது நடக்காது.

நிண்டெண்டோவின் வழி வேறு. மரியோ கார்ட் 8, 2014ல் வீ யூ கன்சோலில் வந்து 85 லட்சத்துக்குப் பக்கத்தில் விற்றது. அதையே கொஞ்சம் மெருகேற்றி 2017ல் ஸ்விட்சில் விட்டார்கள். ஆறு கோடியைத் தாண்டிவிட்டது. விலையையும் பெரிதாக இறக்கவில்லை. செலவு ஒரு முறை, அறுவடை பத்து வருடம்.

நள்ளிரவு ஸ்னைப்பர்

மரியோ மேல் யாருக்கும் கோபம் வருவதில்லை, அதுதான் எரிச்சல்.

மட்டுறுத்துநர்

கன்சோல் சண்டை வேண்டாம். இதுவரை நன்றாகப் போகிறது.

இரவல் கோடர்

கிராஸ்-பிளே, அதாவது வெவ்வேறு கம்பெனிப் பெட்டிக்காரர்கள் ஒரே ஆட்டத்தில் சேர்ந்து ஆடுவது, அதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. நுழைவாயில் யார் கையில் என்பது அங்கேதான் பச்சையாகத் தெரியும்.

2018 ஜூனில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கன்சோலுக்கு எபிக்கின் ஃபோர்ட்நைட் வந்தது. ஒரு முறையாவது பிஎஸ்4இல் ஆடிய கணக்கை ஸ்விட்சில் திறக்க முடியவில்லை. காசு கொடுத்து வாங்கிய ஸ்கின்கள் உள்ளேயே மாட்டிக்கொண்டன. பெரும் கூச்சலுக்குப் பிறகு செப்டம்பரில் சோனி கதவைத் திறந்தது. ஆனால் சும்மா திறக்கவில்லை. எபிக்–ஆப்பிள் வழக்கில் வெளியான ஆவணங்களில் அதன் விலை இருக்கிறது.

உதாரணத்துக்கு, ஒரு கேமை ஆடுகிற நேரத்தில் 80 சதவீதம் பிளேஸ்டேஷனில் நடக்கிறது, ஆனால் வரவில் 60 சதவீதம்தான் அங்கே வருகிறது என்று வையுங்கள். 60ஐ 80ஆல் வகுத்தால் 0.75. இது 0.85க்குக் கீழே போனால் கேம் கம்பெனி சோனிக்கு ஈடு கட்ட வேண்டும். எங்கள் பெட்டியில் ஆடிவிட்டு அடுத்தவன் ஸ்டோரில் காசு செலவழித்தால் அதற்கும் கணக்குண்டு என்று அர்த்தம்.

அதே வழக்கில் வந்த இன்னொரு எண்: 2018 மார்ச் முதல் 2020 ஜூலை வரை ஃபோர்ட்நைட் வரவில் 46.8 சதவீதம் பிளேஸ்டேஷனிலிருந்து வந்தது. ஐபோன், ஐபேட் 7 சதவீதம். அந்த 7க்காக ஆப்பிள் மீது வழக்குப் போட்ட எபிக், 46.8 வருகிற இடத்தில் 30 சதவீதத்தைப் பேசாமல் கட்டிக்கொண்டிருந்தது. பெட்டியை நஷ்டத்தில் விற்கிறார்கள், அதனால் கன்சோல்காரர் பங்கு எடுப்பது வேறு என்பது எபிக் சொன்ன வாதம்.

ஸ்கார்பரோ சிவா

சோனி 2020இலிருந்து எபிக்கில் பல கோடி டாலர் முதலீடு செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022ல் மட்டும் 100 கோடி.

கிராஸ்-பிளே வந்த பிறகு எங்கள் கூட்டத்தில் பழைய கயிறு தளர்ந்துவிட்டது. இப்போது இரண்டு பேர் கணினியில், ஒருவன் எக்ஸ்பாக்ஸில், கதைப்பது டிஸ்கார்ட் என்ற பேச்சுச் செயலியில். புதிய பெட்டி வாங்கும்போது மற்றவர்களிடம் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

கணக்குப்பிள்ளை கமலா

அதனால்தான் மைக்ரோசாஃப்ட் பாதை மாறியது என்று நினைக்கிறேன். நண்பர் பட்டியல் பிடித்து வைக்காது என்றானதும் கேம் நூலகத்தை வைத்துப் பிடிக்கப் பார்த்தார்கள். 2017ல் மாதம் 10 டாலருக்குப் பல கேம்களை ஆடவிடும் கேம் பாஸ் சந்தா. அடுத்த ஆண்டு முதல் சொந்த கேம்கள் வெளியாகும் நாளிலேயே அதற்குள். பெதஸ்டா என்ற கேம் கம்பெனியின் தாய் நிறுவனத்தை 750 கோடி டாலருக்கு வாங்கி, அதன் ஸ்டார்ஃபீல்ட் கேமை பிளேஸ்டேஷனுக்குப் போகாமல் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் 3.4 கோடி சந்தாதாரர் என்று அறிவித்தார்கள்.

அதே மாதம்தான் தங்கள் நான்கு கேம்களை மற்ற கன்சோல்களுக்குக் கொடுக்கப்போவதாகவும் சொன்னார்கள். 2025 ஏப்ரலில் அவர்களுடைய கார்ப் பந்தய கேம் ஃபோர்ஸா ஹொரைசன் 5 பிஎஸ்5க்கு வந்தது. அக்டோபரில் கேம் பாஸின் உயர்ந்த சந்தாவான அல்டிமேட் அமெரிக்காவில் மாதம் 20லிருந்து 30 டாலர் ஆனது. அதே மாதம் ஹேலோவே பிஎஸ்5க்கு வருகிறது என்ற அறிவிப்பு.

நள்ளிரவு ஸ்னைப்பர்

அந்த அறிவிப்பு வந்த அன்று இரவு நான் எதுவும் ஆடவில்லை. இருபது வருடமாக அந்தப் பெட்டியை வாங்க ஒரு காரணம் இருந்தது.

இரவல் கோடர்

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் மைக்ரோசாஃப்ட்டின் இடத்திலிருந்து பாருங்கள். சோனி ஸ்டோரில் விற்கும் ஒவ்வொரு ஃபோர்ஸாவிலும் 30 போனாலும் 70 கைக்கு வருகிறது, பெட்டிக்காக 200 டாலர் நஷ்டப்பட வேண்டியதில்லை. வாடகை வாங்குகிறவராக ஜெயிக்க முடியாதபோது நல்ல குடித்தனக்காரராக இருந்துவிட்டுப் போகலாம். சோனியும் சொந்த கேம்களைக் கணினிக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2024ல் ஹெல்டைவர்ஸ் 2 பிஎஸ்5, கணினி இரண்டிலும் ஒரே நாளில் வந்து 12 வாரத்தில் 1.2 கோடி விற்றது. அந்த வெற்றிக்கு நடுவில், ஸ்டீமில் வாங்கியவர்களும் பிளேஸ்டேஷன் கணக்கு தொடங்க வேண்டும் என்று சோனி சொல்லப்போய், வாங்கியவர்கள் மோசமான விமர்சனமாக எழுதிக் குவிக்க, சில நாளிலேயே பின்வாங்கியது. கணக்கு எண்ணிக்கையை வளர்க்கும் ஆசை அவ்வளவு.

மாடிவீட்டு மணி

என் இஎம்ஐ முடிய இன்னும் நாளிருக்கிறது. அலுவலக நண்பர் ஒருவர் புதிதாக வாங்க நினைக்கிறார். விலை இறங்கட்டும் என்று காத்திருக்கச் சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை கமலா

அந்தக் காலம் போய்விட்டது மணி. பிஎஸ்2 அமெரிக்காவில் 2000ல் 299 டாலர், 2002ல் 199, 2009ல் 99. பெட்டியை மலிவாக்கி ஆட்களைக் கூட்டினார்கள். பிஎஸ்5 499ல் ஆரம்பித்து ஐந்தாவது வருடத்தில் 549. எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 499லிருந்து 2025ல் இரண்டு முறை ஏறி 649. இந்தியாவிலும் பிஎஸ்5 டிஸ்க் மாடல் 2021ல் 49,990 ரூபாய்க்கு வந்து அடுத்த ஆண்டே 54,990 ஆனது. பண்டிகைத் தள்ளுபடியில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். டிஸ்க் மாடலாகப் பார்த்து. டிரைவ் இல்லாத பெட்டியில் கேமுக்கு ஒரே கடைதான், அந்தக் கடைக்காரர் சொன்னதுதான் விலை. பிஎஸ்5 ப்ரோவை 699 டாலருக்கு விற்றும் டிரைவை வைக்காமல் தனியாக விற்றது சும்மா இல்லை.

பழைய கேசட்

யாரோ பயன்படுத்திய டிஸ்க் மாடலானாலும் பரவாயில்லை. ஆனால் கையோடு ஒரு டிஸ்க் கொண்டுபோய்ப் போட்டு, கேம் ஏறி ஓடுகிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள். இணையத்தில் இணைத்து ஆன்லைன் சேவைக்குள் நுழைய முடிகிறதா என்பதையும்; கம்பெனி ஆன்லைனில் நுழையத் தடை செய்த பெட்டியை விற்கிறவர்கள் உண்டு. விற்பவர் தன் கணக்கை நீக்கி, ஃபேக்டரி ரீசெட் செய்து கொடுத்த பிறகு பணத்தைக் கொடுக்கட்டும்.